ஆத்தாவை சிங்கப்பூருக்கு அழைத்து உடன் வைத்துக்கொள்ள: எந்த பாஸ், என்னென்ன காகிதம்?

வளவுவீடு86

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். ஊர் கானாடுகாத்தான். சிங்கப்பூரில் ஈ.பி.யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வேலை பார்க்கிறேன். அப்பச்சி (அப்பா) தவறிவிட்டார்கள். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வந்து திரும்புவதாக இல்லாமல், என்னோடேயே இருக்க வைக்க வேண்டும்.

விவரம்: அடிப்படைச் சம்பளம் மாதம் 10,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதோடு மாதாமாதம் தவறாமல் வரும் வீட்டுப்படி 1,300 வெள்ளி. வருட போனஸ் தனி. என் பிறப்புச் சான்றிதழ் 1986-இல் வாங்கிய பழைய கையெழுத்துப் படிவம், முழுக்கத் தமிழில் இருக்கிறது. அதில் என் பெயர் கிடையாது, "ஆண்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஆத்தா பெயரோடு "ஆச்சி" ஒட்டி எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆதாரிலோ வெறும் பெயர்தான். பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

எந்த பாஸ் கேட்பது? இந்தச் சான்றிதழ் செல்லுமா? நான் பி.ஆர். (நிரந்தரவாசி) ஆனால் ஆத்தாவுக்கும் பி.ஆர். கிடைக்குமா?

சிராங்கூன் கணக்கர்

தம்பி, நீங்கள் கேட்க வேண்டியது நீண்டகால வருகை அனுமதி, எல்லோரும் எல்.டி.வி.பி. என்று சொல்வது. டிபென்டன்ட் பாஸ் இல்லை. அது மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டும். அதற்கு நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால் போதும். பெற்றோருக்கு அப்படியே இரண்டு மடங்கு, 12,000 வெள்ளி வேண்டும். "குடும்பத்தை அழைக்க ஆறாயிரம்" என்று யாரோ சொன்னதை நம்பி ஆத்தாவுக்கு விண்ணப்பம் போட்டுக் கட்டணத்தை இழப்பவர்கள் உண்டு.

"நிலையான மாதச் சம்பளம்" என்பதில் அடிப்படைச் சம்பளமும், ஒவ்வொரு மாதமும் மாறாமல் வரும் படிகளும் சேரும். ஓவர்டைம், போனஸ், கமிஷன், பில் கொடுத்துத் திரும்பப் பெறும் செலவுகள் சேராது. உங்கள் கணக்கு 10,900 கூட்டல் 1,300, ஆக 12,200. வரம்புக்கு மேலே 200 வெள்ளிதான் இருக்கிறது. அந்த வீட்டுப்படி வேலை ஒப்பந்தத்தில் நிலையான படி என்று எழுதப்பட்டிருக்கிறதா, உங்கள் ஈ.பி.க்காக மனிதவள அமைச்சிடம் கம்பெனி அறிவித்த தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் இன்றைக்கே கேளுங்கள். சம்பளச் சீட்டில் 12,200 இருந்து அமைச்சின் பதிவில் 10,900 மட்டும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைச் சரிசெய்ய வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தை நீங்களாகப் போட முடியாது. கம்பெனியோ, கம்பெனி அமர்த்திய ஏஜென்டோதான் ஆன்லைனில் போட வேண்டும். போடும்போது 105 வெள்ளி, இது திரும்ப வராது. அனுமதி கிடைத்து பாஸ் வழங்கும்போது 225 வெள்ளி. இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் பலமுறை வந்துபோகும் விசாவுக்கு 30 வெள்ளி. ஆத்தாவின் பாஸ்போர்ட் விவரப் பக்கமும், நீங்கள் அவர்கள் பிள்ளை என்று காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழும்தான் இதில் உயிர்நாடி. ஆங்கிலத்தில் இல்லாத காகிதம் எதுவானாலும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு கூட வேண்டும்.

முதலில் கையில் வருவது கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம். அதை வைத்துத்தான் ஆத்தா நாட்டுக்குள் வருவார்கள். வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, பாஸ் வழங்கல், கைரேகை, படம் எல்லாம் நடக்கும். எது எந்தத் தேதிக்குள் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அந்தக் கெடுவைப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்த அனுமதி உங்கள் ஈ.பி.யோடு கட்டப்பட்டது. ஈ.பி. முடியும் நாளைத் தாண்டி இதற்கு ஆயுள் இல்லை. வேலை மாறினால் பழைய கம்பெனி உங்கள் பாஸை ரத்து செய்யும்போது ஆத்தாவுடையதும் ரத்தாகும். புதுக் கம்பெனி உங்களுக்கு ஈ.பி. போடும்போதே ஆத்தாவுக்கும் புதிதாகப் போட வேண்டும். அங்கே நிலையான சம்பளம் 11,800 என்று வைத்து மீதியை போனஸில் தருகிறேன் என்பார்கள். வருட மொத்தம் கூடுதலாகத் தெரியும், ஆனால் ஆத்தா ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். பேரம் பேசும்போது இந்தப் பன்னிரண்டாயிரத்தை முதல் வரியில் வையுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

சம்பளத்தைக் கணக்கர் சொல்லிவிட்டார். நான் காகிதத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து விண்ணப்பங்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறப்புப் பதிவு எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். குடும்பம் கானாடுகாத்தான் என்பதால் அந்தப் பேரூராட்சியில் போய்த் தேடாதீர்கள். பிரசவம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பதிவு இருக்கும். முதல் பிள்ளை என்றால் பெண் வீட்டு ஊர். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். தேவகோட்டை என்றால் நகராட்சி, காரைக்குடி என்றால் இப்போது மாநகராட்சி. வீட்டிலேயே, கிராமத்தில் பிரசவம் என்றால் பழைய பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ தேட வேண்டும். உங்கள் பழைய படிவத்தின் கீழே பதிவு எண்ணும் பதிவு செய்த தேதியும் இருக்கும். அந்த இரண்டும் இருந்தால் அலுவலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது சுலபம். பிறந்த தேதியை மட்டும் சொன்னால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

அடுத்தது பெயர் சேர்த்தல். பெயரில்லாத பதிவில் பெயர் சேர்க்க, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு என்பது விதி. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கெடுவை நீட்டித்துத் தந்திருக்கிறது. நீங்கள் போகும் நாளில் அந்த வாய்ப்பு திறந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மனுக் கொடுத்துவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். சேர்க்கும் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால் மறுபடி மாற்றுவது பெரும்பாடு.

மூன்றாவது, ஆத்தா பெயர். "ஆச்சி" நமக்கு மரியாதை. பாஸ் வழங்கும் அதிகாரிக்கு அது பெயரின் ஒரு பகுதி. சான்றிதழில் இரண்டு சொல், பாஸ்போர்ட்டில் ஒரு சொல் என்றால் இரண்டு வெவ்வேறு பெண்கள் என்றுதான் படிப்பார். இதற்கு வழி இரண்டு. ஒன்று, 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆவது பிரிவின்கீழ் திருத்தம். மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். விவரம் அறிந்த இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும். அதற்குப் பின் எடுக்கும் நகலில் திருத்தின பெயர் வரும். இரண்டாவது வழி, பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்பதால், பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே ஆதாரைத் திருத்தி, அதன்படி பாஸ்போர்ட் எடுப்பது. பார்க்க இது எளிது. ஆனால் வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம், அப்பச்சியின் வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் வெறும் பெயர்தான் இருக்குமானால் அத்தனையிலும் பிறகு சிக்கல் வரும். முதல் வழியையே சொல்வேன்.

"இருவரும் ஒருவரே" என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழி எழுதி இணைத்தால் போதும் என்று ஏஜென்ட் சொல்வார். சில நேரம் நடக்கும். ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வேறொரு அதிகாரி வேறொரு கேள்வி கேட்பார். பதிவேட்டிலேயே திருத்திவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

திருத்தம் முடிந்ததும் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்ட கணினிச் சான்றிதழாகக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். அபோஸ்டில் (நாடுகள் ஒப்பந்தப்படி ஏற்கும் சான்றொப்பம்) கேட்டால் பயப்பட வேண்டாம். இந்தியா 2005-லிருந்தும் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலிருந்தும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சின் அபோஸ்டில், அவ்வளவுதான். தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பதிவே இல்லை என்று தெரியவந்தால், அங்கேயே "பதிவு இல்லை" என்ற சான்றைப் படிவம் 10-இல் வாங்கிக்கொண்டு, தாமதப் பதிவுக்குப் போக வேண்டும். ஓராண்டைத் தாண்டியதற்கு நடுவர் அதிகாரம் உள்ள அலுவலரின் ஆணை வேண்டும். நம் பக்கம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. மாதக்கணக்கில் ஆகும், அதனால் இதைத்தான் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும்.

ஆத்தாவின் பாஸ்போர்ட்டுக்கு: காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம், மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பொன்னமராவதி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், திருச்சி அலுவலகம். 60 வயதுக்கு மேல் புதிதாக எடுப்பவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, 1,500 ரூபாய்க்கு 1,350. படித்த சான்றிதழ் இல்லையே, குடியேற்றச் சோதனை முத்திரை விழுமே என்று கவலை வேண்டாம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த முத்திரை கிடையாது. விலாச எழுத்துகளை (இனிஷியல்) பாஸ்போர்ட்டில் அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். விலாசத்தில் நாலு எழுத்து இருந்தாலும் கணவர் பெயரை எப்படி விரிக்கிறீர்களோ, அதே எழுத்துக் கூட்டல் உங்கள் பாஸ்போர்ட்டில் தந்தை பெயராகவும் இருக்க வேண்டும். ஒன்றில் "ழ"வுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்று விட்டால் அங்கேயே ஒரு முடிச்சு விழும்.

பள்ளத்தூர் மருமகள்

இதிலேயே என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சுவீகாரம் (தத்து) வந்தவர். அவர் பிறப்புச் சான்றிதழில் பெற்றவர்கள் பெயர், பாஸ்போர்ட்டில் சுவீகார அப்பச்சி பெயர். இப்போது சுவீகார ஆத்தாவை அழைக்க வேண்டும். அவருக்கு ஈ.பி., சம்பளம் 13,000 வெள்ளிக்கு மேல். என் அம்மாவையும் அதே ஈ.பி.யில் சேர்த்துக்கொள்ள முடியுமா? நான் டிபென்டன்ட் பாஸில் இருக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, பின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. பாஸ் வைத்திருப்பவரின் பெற்றோர் மட்டும்தான் பட்டியலில் உண்டு, மாமனார் மாமியார் இல்லை. உங்கள் அம்மாவை அழைக்க நீங்களே ஈ.பி. வாங்கி, உங்கள் பெயரில் 12,000 வெள்ளி நிலையான சம்பளம் இருக்க வேண்டும். அதுவரை வருகை விசாதான்.

சுவீகார விஷயம் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருப்பது, ஆனால் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் புரிய வைக்கக் காகிதம் வேண்டும். சுவீகாரப் பத்திரம் பதிவு செய்யப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. 1956-ஆம் ஆண்டு இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை சுவீகாரம் சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது என்று 10-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கம் அனுமதிக்கும் சமூகங்களுக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. வளர்ந்த பிறகு சுவீகாரம் வந்தவர் என்றால், அந்த வழக்கம் உண்டு என்பதும் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் நல்லது.

பதிவான பத்திரம் இருந்தால், அதை வைத்துப் பிறப்புப் பதிவில் சுவீகாரப் பெற்றோர் பெயரைக் கொண்டுவர மனுக் கொடுங்கள். அது முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தால் பிறப்புச் சான்றிதழ், பத்திரத்தின் சான்றிட்ட நகல், ஆங்கில மொழிபெயர்ப்பு, எந்தக் காகிதத்தில் யார் பெயர் ஏன் வருகிறது என்று ஒரு பக்க விளக்கக் கடிதம், நான்கும் சேர்ந்தே போக வேண்டும். பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்தால் வேறொரு பெண்ணைத் தாய் என்று காட்டியதாகிவிடும்.

பத்திரமே இல்லை, கோயில் புள்ளி (நகரக் கோயிலில் குடும்பத்தைப் பதியும் கணக்கு) மாற்றியதும் பங்காளிகள் முன்னால் நடந்ததும்தான் சாட்சி என்றால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 34-ஆவது பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு (இந்த உறவு உண்டு என்று அறிவிக்கக் கேட்பது) தொடுத்துத் தீர்ப்பு வாங்க வேண்டும். கோயில் பதிவும் பங்காளிகளின் சாட்சியமும் அங்கே உதவும். நேராக சிங்கப்பூருக்கு அனுப்பினால் உதவாது. இசைகுடிமானத்துக்கும் (நம் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்) இதே கதிதான். வீட்டுக்குள் அது பெரிய ஆவணம். மனைவிக்கு பாஸ் கேட்கும்போது பதிவுத் திருமணச் சான்றிதழ்தான் செல்லும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்ற தாயின் பெயர் சான்றிதழில் இருக்கிறதே என்று அவரைக் காட்டி அழைக்கப் பார்க்காதீர்கள். சுவீகாரம் ஆனதும் பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுகிறது என்று அந்தத் தத்துச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. தெரிந்தே தவறான விவரம் தருவது சிங்கப்பூரில் குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணவரின் ஈ.பி.யும் சேர்ந்து போகும்.

கோட்டையூர் துபாய்

சிங்கப்பூரில் சம்பளம் எட்டவில்லை, அண்ணனோ தம்பியோ அமீரகத்தில் இருக்கிறார் என்று அந்தப் பக்கம் யோசிப்பவர்களுக்காக. அங்கே பெற்றோர் விசா ஓராண்டுக்குத்தான், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அப்பா அம்மா இருவரும் இருந்தால் இருவரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். ஒருவரை மட்டும் என்றால் மற்றவரின் இறப்புச் சான்றிதழோ விவாகரத்து ஆவணமோ காட்ட வேண்டும். ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, முழுப் பராமரிப்பும் என்னுடையது என்று இந்தியத் தூதரகத்தின் வழியாக உறுதிமொழி வேண்டும். ஆளுக்கு ஒரு வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு இரண்டும் கட்டாயம். அபோஸ்டில் மட்டும் அங்கே செல்லாது, அமீரகத் தூதரகச் சான்றொப்பமும் தேவை. தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் விசா செத்துவிடும். ஆத்தா கோடையில் ஊருக்கு வந்து கார்த்திகை வரை வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் நாள் எண்ண வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தாலும் தொல்லை. 2022 நவம்பரிலிருந்து வருகை விசாவுக்கு அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போதே குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமனே விடாமல் கணவர் பெயரைப் போட்டுவிடுவது நல்லது.

வளவுவீடு86

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. பிரசவம் தேவகோட்டை ஆஸ்பத்திரியில்தான், அதனால் நகராட்சிக்குப் போகச் சொல்லிவிட்டேன். எச்.ஆரிடமும் கேட்டுவிட்டேன், அறிவித்த தொகையில் படி சேர்ந்திருக்கிறது. பி.ஆர். கேள்வி மட்டும் மிச்சம். ஆத்தா வெற்றிலை போடுவார்கள், மாத்திரைகளும் நிறைய. அதற்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

சிராங்கூன் கணக்கர்

நீங்கள் பி.ஆர். ஆனால் ஆத்தாவுக்கு பி.ஆர். கேட்க முடியாது. வயதான பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும். ஆனாலும் நீங்கள் பி.ஆர். ஆவதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஆத்தாவின் நீண்டகால அனுமதியைக் குடிநுழைவு ஆணையத்திடம் உங்கள் சொந்தப் பெயரில் கேட்கலாம். கம்பெனி தேவையில்லை, வேலை மாறினாலும் ஆத்தாவின் அனுமதி அத்தோடு விழுந்துவிடாது.

குடியுரிமை என்றால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிக்கொள்ளலாம். பூர்வீக வீட்டில் உங்கள் பங்கு வாரிசாக வருவதற்குத் தடையில்லை. புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. ஆண் பிள்ளை இருந்து அவனையும் உங்களோடு பி.ஆர். ஆக்கினால் அவனுக்கு தேசிய சேவைக் கடமை வரும். ஆத்தாவுக்காக எடுக்கும் முடிவு பேரப்பிள்ளையின் இரண்டு ஆண்டைத் தொடுகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இதைவிட அவசரமான விஷயம் காப்பீடு. இந்த அனுமதியில் இருப்பவருக்கு மெடிஷீல்டு (அரசின் மருத்துவக் காப்பீடு) கிடையாது, அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது. முழுக் கட்டணம். தனியார் காப்பீட்டில் சேரும் வயதுக்கு உச்ச வரம்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையையும் பிரஷரையும் விலக்கித்தான் தருவார்கள், அதனால் வரும் சிக்கல்களையும் சேர்த்து விலக்குகிறார்களா என்று விதிப் பக்கத்தைப் படியுங்கள். காப்பீடு கிடைக்கும் என்று உறுதியான பிறகு விண்ணப்பம் போடுவதுதான் முறை.

ஆத்தா நிரந்தரமாக வருகிறார்கள் என்றால் ஊர் வங்கியில் சொல்லிக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்கு) ஆக்க வேண்டும். மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதுக்கு மேல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிட வசதி இருக்கிறது.

வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அது நிற்க வேண்டும். மெல்லும் புகையிலையை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சுருக்குப் பையில் ஒரு துண்டு மறந்து கிடந்தாலும் சோதனையில் பிடிபடும். விமானம் ஏறுமுன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். மாத்திரைகள் 3 மாதத் தேவைக்கு மேல் போகாமல், கம்பெனி அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு கைப்பையில் வர வேண்டும். தூக்கத்துக்கோ படபடப்புக்கோ அல்பிரசோலம், டயசிபாம் எழுதியிருந்தாலும், வலிக்கு டிரமடால் இருந்தாலும், புறப்படும் முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். ஊர் மருந்துக் கடையில் பிராண்டுப் பெயர் சொல்லித்தான் தருவார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியல் எடுங்கள். வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்புவது இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை.